அமெரிக்கத் தொழிலாளர் நிவாரணம்: வாக்குறுதியாகத் தொடங்கி பேரப்பொருளாக முடிந்த திட்டம்

வெளிநாட்டு இறக்குமதியால் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு உதவுவதற்காக அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுத் திட்டம், 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாம் தேதியுடன் புதிய மனுக்களுக்குத் தனது கதவை மூடிக்கொண்டது. அதற்கு முன்னர் தகுதி பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. அதன் பின்னர் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்கள் மனு அனுப்பலாம். ஆனால் அதனை விசாரிக்கவோ, முடிவு கூறவோ தொழிலாளர் துறைக்குச் சட்ட அதிகாரம் இல்லாமல் போனது.

அறுபது ஆண்டுகள் நீடித்த திட்டம் ஒன்று முடிவுக்கு வந்தபோது பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் அதனை ஒழிக்கும்படி யாரும் வாக்களிக்கவும் இல்லை. காலாவதியாகும் தேதி சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தத் தேதி வந்தது, சென்றது, அவ்வளவே.

வர்த்தகச் சீரமைப்பு உதவித் திட்டம் என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் டி.ஏ.ஏ. என்று அழைக்கப்பட்டது. திறந்த வர்த்தகத்தால் நாடு முழுவதற்கும் ஆதாயம் கிடைக்கிறது, ஆனால் அதன் விலையைச் சில ஊர்களும் சில தொழில்களும் மட்டுமே செலுத்துகின்றன. எனவே ஆதாயம் பெறுகிறவர்கள் இழப்பவர்களுக்கு ஈடு செய்யவேண்டும் என்பதே அதன் அடிப்படை வாதம். பொருளாதாரப் பாடநூல்களில் இது எளிதான வாதம். நடைமுறையில் அது எவ்வாறு இருந்தது என்பதற்கு வட கரோலினா மாநிலத்தின் கனாபொலிஸ் என்ற ஆலை நகரம் ஒரு சான்று.

ஒரே நாளில் 4,800 பேர்

கனாபொலிஸ் நகரமே ஒரு நெசவாலைக்காக எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் வில்லியம் கேனன் என்ற முதலாளி அங்கு ஆலையை நிறுவினார். வீடுகள், கடைகள், தெருக்கள் என அனைத்தும் பல பத்தாண்டுகள் அந்நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன. கேனன் துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் அமெரிக்க வீடுகளில் பரவலாகக் காணப்பட்டவை. நிறுவனம் பின்னர் பல கை மாறி, பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இயங்கியது.

2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி பில்லோடெக்ஸ் தனது ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. வட கரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேர் வேலை இழந்தனர். அந்த மாநிலத்தின் வரலாற்றில் ஒரே நாளில் நிகழ்ந்த மிகப் பெரிய ஆட்குறைப்பு என்று அது வர்ணிக்கப்பட்டது. நிறுவனத்தின் கடன் சுமையும் நிர்வாகத் தவறுகளும் இதற்குக் காரணமாக இருந்தன என்பது உண்மை. ஆனால் சீனா, பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மலிவு விலையில் வந்து குவிந்த துவாலைகளும் விரிப்புகளும் அந்த ஆலையின் முதுகெலும்பை முறித்தன என்பதில் ஐயமில்லை. வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற கரூரின் தறிகளுக்கும் அமெரிக்கக் கடைகளுக்கும் இடையிலான தொடர்பு வலுப்பெற்ற காலமும் ஏறக்குறைய அதுவே.

பில்லோடெக்ஸ் தொழிலாளர்களுக்கு டி.ஏ.ஏ. தகுதி வழங்கப்பட்டது. ஆனால் அவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். பதினாறு, பதினேழு வயதில் ஆலைக்குள் நுழைந்தவர்கள் நாற்பதையும் ஐம்பதையும் கடந்து நின்றனர். புதிய தொழிலுக்கான பயிற்சியில் சேருவதற்கு முன்னர் அவர்கள் பள்ளி இறுதிச் சான்றிதழுக்குச் சமமான தேர்வு ஒன்றில் தேற வேண்டியிருந்தது. அங்கிருந்த சமூகக் கல்லூரியின் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. கல்லூரி என்ற சொல்லே தமது வாழ்க்கைக்கு உரியதல்ல என்று இருந்தவர்கள், தமது பிள்ளைகளின் வயதினரோடு அமர்ந்து பின்னக் கணக்குகளை மீண்டும் பயின்றனர்.

ஆலை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் பின்னர் உயிரியல் ஆராய்ச்சி வளாகம் ஒன்று எழுந்து, 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர் டேவிட் மர்டாக் என்ற செல்வந்தர். 1980களில் சில ஆண்டுகள் அதே ஆலைக்கு உரிமையாளராக இருந்தவரும் அவரே. நகரம் பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் முனைவர் பட்டம் கோரும் ஆய்வகத்தில் தறி ஓட்டியவருக்கு என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி அங்கு அன்றே எழுந்தது.

கென்னடியின் பேரம்

இந்தத் திட்டத்தின் கருத்து தொழிற்சங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் டேவிட் மெக்டொனால்ட், அயல்நாட்டுப் பொருளாதாரக் கொள்கையை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தின் உறுப்பினர் என்ற முறையில் 1954இல் இதனை முன்வைத்தார். அப்போது அது ஏற்கப்படவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஜான் கென்னடிக்கு அது தேவைப்பட்டது. ஐரோப்பியப் பொதுச் சந்தையுடன் பேசி இரு தரப்பும் சுங்கத் தீர்வைகளைக் குறைக்கும் அதிகாரத்தை அவர் காங்கிரஸிடம் கோரினார். தேசத்தின் நலனுக்காகத் தீர்வை குறைக்கப்படும்போது அதன் முழுச் சுமையையும் பாதிக்கப்பட்டவர்களே தாங்கக் கூடாது, மத்திய அரசு அதில் பங்கேற்கவேண்டும் என்று 1962 ஜனவரியில் அவர் வாதிட்டார். தொழிற்சங்கங்கள் ஆதரவு தந்தன. வர்த்தக விரிவாக்கச் சட்டம் நிறைவேறியது; அதன் ஒரு பகுதியாக நிவாரணத் திட்டமும் பிறந்தது.

ஆகவே இத்திட்டம் தனித்து நின்ற சமூக நலத் திட்டமாக ஒருபோதும் இருக்கவில்லை. வர்த்தக அதிகாரத்துக்கு வாக்குகளைப் பெறுவதற்காகக் கொடுக்கப்பட்ட விலை அது. அதன் பிற்கால வரலாறு முழுவதும் இந்தப் பிறப்பின் தடத்தைக் காணலாம்.

விலை முதலில் வெறும் காகிதத்தில்தான் இருந்தது. இறக்குமதி அதிகரித்தமைக்குத் தீர்வைக் குறைப்பே பெருமளவு காரணம் என்றும், வேலை இழப்புக்கு அந்த இறக்குமதியே முக்கியக் காரணம் என்றும் தொழிலாளர்கள் நிரூபிக்கவேண்டும் எனச் சட்டம் கூறியது. விளைவு: 1969ஆம் ஆண்டு நவம்பர் வரை தொழிலாளர்களின் ஒரு மனு கூட ஏற்கப்படவில்லை. ஏழு ஆண்டுகளில் ஒருவருக்கும் உதவாத நிவாரணத் திட்டம் என்பது நிர்வாக வரலாற்றில் அரிதான ஒன்று. இதற்கு ஈமச் சடங்குக் காப்பீடு என்று தொழிற்சங்கத்தினர் சூட்டிய கசப்பான பெயர் நிலைத்துவிட்டது.

1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டம் நிபந்தனைகளைத் தளர்த்தியது. இறக்குமதி, வேலை இழப்புக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்திருந்தால் போதும் என்றானது. முந்தைய ஊதியத்தில் 70 சதவீதம் வரை ஓராண்டு வழங்கப்பட்டது. அடுத்து ஜப்பானியக் கார்களின் அலை வந்தது. 1980ஆம் நிதியாண்டில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த உதவியைப் பெற்றனர். செலவு சுமார் 160 கோடி டாலரை எட்டியது. பெற்றவர்களில் பெரும்பகுதியினர் கார் ஆலைத் தொழிலாளர்கள். தற்காலிகமாக நிறுத்தப்பட்டுப் பழைய வேலைக்கே திரும்பிய பின்னர் உதவித்தொகையைப் பெற்றவர்கள் அவர்களில் பலர்.

ரொனால்ட் ரீகன் நிர்வாகத்துக்கு இதுவே வாய்ப்பாக அமைந்தது. 1981இல் உதவித்தொகை சாதாரண வேலையிழப்புக் காப்பீட்டின் அளவுக்குக் குறைக்கப்பட்டது. அந்தக் காப்பீடு தீர்ந்த பிறகே இது தொடங்கும் என்றும் ஆனது. பணத்தைவிடப் பயிற்சியே முக்கியம் என்ற கொள்கை அப்போது வேரூன்றியது.

மூவர் கையெழுத்திட்டால்

திட்டத்தின் நடைமுறை சற்றுச் சிக்கலானது. ஓர் ஆலையின் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுச் செய்யலாம்; அல்லது அவர்களது சங்கமோ, நிறுவனமோ, மாநில அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமோ செய்யலாம். வாஷிங்டனில் உள்ள தொழிலாளர் துறையின் விசாரணையாளர் ஒருவர் அதனை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் விற்பனை, உற்பத்தி விவரங்களைக் கோருவார். அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுப் பொருட்களுக்கு மாறினார்களா என்றும் விசாரிப்பார். நாற்பது நாட்களுக்குள் முடிவு கூறப்படவேண்டும் என்பது சட்டம்.

ஆலைக்குத் தகுதி கிடைத்துவிட்டால், மனுத் தேதிக்கு ஓராண்டு முன்னர் தொடங்கி, தகுதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஈராண்டுகள் வரை அங்கு பணிநீக்கம் செய்யப்படுபவர்கள் அனைவரும் அதன் கீழ் வருவர். பின்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே மாநில அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முழுநேரப் பயிற்சியில் இருப்பவருக்கு வேலையிழப்புக் காப்பீட்டையும் சேர்த்து 104 வாரங்கள் வரை உதவித்தொகை உண்டு. பள்ளிக் கல்வியிலிருந்தே தொடங்கவேண்டியவர்களுக்கு 130 வாரங்கள். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் 65 சதவீதம் வரிச் சலுகையாகத் திருப்பித் தரப்பட்டது. வேறு ஊரில் வேலை தேடிச் செல்லவும் குடிபெயரவும் சிறு தொகைகள் இருந்தன.

கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் உதவித்தொகை தொடரவேண்டுமானால் வேலை இழந்த 16 வாரங்களுக்குள், அல்லது ஆலைக்குத் தகுதி கிடைத்த 8 வாரங்களுக்குள், இவற்றில் எது பிந்தியதோ அதற்குள், பயிற்சியில் சேர்ந்திருக்கவேண்டும். தவறினால், அதற்கு விலக்குப் பெற்றிராவிட்டால், வருமான உதவி கைநழுவும். கல்லூரிகளின் பாட அட்டவணைகள் ஆலைகள் மூடப்படும் தேதியைப் பார்த்து அமைக்கப்படுவதில்லை. காப்பீட்டுக் கட்டணத்தின் மிச்ச 35 சதவீதத்தைக் கட்ட வழியில்லாதவருக்கு 65 சதவீதச் சலுகையும் பயன்படாது. வருமானமே இல்லாத குடும்பத்துக்கு அந்த 35 சதவீதம் சிறிய தொகை அல்ல.

இதைவிடப் பெரிய குறை எல்லைக் கோட்டில் இருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவருக்கு ஈராண்டு உதவி. புதிய இயந்திரம் வந்ததால் வேலை இழந்த அடுத்த வீட்டுக்காரருக்கு வழக்கமான 26 வாரக் காப்பீடு மட்டும். ஆலை மூடியதால் வாடிக்கையாளரை இழந்து மூடப்பட்ட தெருமுனை உணவகத்தின் பணியாளருக்கும் அதே நிலைதான். இருவரின் வறுமைக்கும் வேறுபாடு இல்லை. காரணத்துக்கு மட்டுமே வேறுபாடு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதிலேயே அரசு இயந்திரம் தனது ஆற்றலில் பெரும்பகுதியைச் செலவிட்டது.

மென்பொருள் ஒரு பொருளா?

2000களின் தொடக்கத்தில் கணினி நிரல் எழுதும் வேலைகள் இந்தியாவுக்குச் செல்லத் தொடங்கியபோது இந்த எல்லைக் கோடு வேடிக்கையான வடிவம் எடுத்தது. சட்டம் "பொருள்" ஒன்றை உற்பத்தி செய்பவர்களுக்கே உதவும். வேலை இழந்த நிரலாளர்கள் மனுச் செய்தபோது, மென்பொருள் குறுந்தகட்டில் பதியப்பட்டு விற்கப்பட்டால் அது பொருள், இணையத்தின் வழியே அனுப்பப்பட்டால் பொருளல்ல என்ற அடிப்படையில் தொழிலாளர் துறை மறுத்தது.

அவர்கள் அமெரிக்க சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தை அணுகினர். துறையின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரணைகளை மேலோட்டமாக நடத்துவதாகவும் துறையை அது பலமுறை கண்டித்தது. 2006இல் துறை தனது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஆயினும் வாடிக்கையாளர் சேவை போன்ற பணிகளைச் செய்தவர்கள் வெளியிலேயே நின்றனர். 2009 பிப்ரவரியில், பராக் ஒபாமா பதவியேற்ற சில வாரங்களில் நிறைவேறிய பொருளாதார மீட்புச் சட்டமே சேவைத் துறையினரை முதன்முறையாக முழுமையாக உள்ளே அனுமதித்தது. பணி எந்த நாட்டுக்குச் சென்றாலும் தகுதி உண்டு என்றும் அது கூறியது. அதற்கு முன்னர் மெக்சிகோவுக்கோ வேறொரு வர்த்தக உடன்பாட்டு நாட்டுக்கோ உற்பத்தி மாறினால் தகுதி எளிது. இந்தியாவுக்கோ சீனாவுக்கோ மாறினால், அதனால் இறக்குமதி பெருகியது, அல்லது பெருகக்கூடும் என்பதையும் காட்டவேண்டியிருந்தது. பயிற்சிக்கான ஆண்டு நிதி உச்சவரம்பும் 22 கோடி டாலரிலிருந்து 57.5 கோடி டாலராக உயர்ந்தது.

அந்த விரிவாக்கமும் தற்காலிகமானதே. 2011 பிப்ரவரியில் காலாவதியாகி, அதே ஆண்டு அக்டோபரில் தென் கொரியா, கொலம்பியா, பனாமா உடன்பாடுகளுக்கான விலையாகச் சற்றுக் குறைந்த அளவில் மீண்டு வந்தது. இவ்வாறு விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால், ஒரே ஆலையில் சில மாத இடைவெளியில் நீக்கப்பட்ட இருவருக்கு வெவ்வேறு விதிகள் பொருந்தும் நிலை உருவானது. மனு எண்ணைப் பார்த்தே எந்தச் சட்டம் பொருந்தும் என்று மாநில அலுவலர்கள் சொல்லவேண்டியிருந்தது.

பலன் கிடைத்ததா?

இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் தரவில்லை. தொழிலாளர் துறைக்காக மாத்தமாட்டிகா ஆய்வு நிறுவனம் நடத்தி 2012இல் வெளியான மதிப்பீடு சோர்வளிப்பதாக இருந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள், ஒத்த நிலையில் இருந்து சேராதவர்களைவிட நான்கு ஆண்டுகளின் முடிவிலும் குறைவாகவே சம்பாதித்தனர். பயிற்சியில் கழிந்த காலத்தில் மற்றவர்கள் ஏதோ ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டு அனுபவம் பெற்றுவிட்டனர்.

ஆனால் நான்கு ஆண்டு போதுமான காலமா என்ற கேள்வி உண்டு. பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஹைமன் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியைக் கையாண்டது. மனுக்களை விசாரிக்கும் அலுவலர்களில் சிலர் தாராளமானவர்கள், சிலர் கண்டிப்பானவர்கள். எந்த மனு யாரிடம் போகும் என்பது ஏறக்குறைய சீட்டுக் குலுக்கலைப் போன்றது. ஆகவே தாராளமானவரிடம் சென்ற ஆலையையும் கண்டிப்பானவரிடம் சென்ற ஆலையையும் ஒப்பிட்டால் திட்டத்தின் உண்மையான விளைவு தெரியும். அவ்வாறு ஒப்பிட்டபோது, தகுதி பெற்ற தொழிலாளர்கள் பத்தாண்டுகளில் மொத்தமாகச் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தனர் என்று தெரியவந்தது. பத்தாண்டின் இறுதியில் அந்த ஆதாயம் தேய்ந்து மறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருமானம் ஓர் அலுவலரின் சுபாவத்தைப் பொறுத்திருந்தது என்பதும் அதில் மறைமுகமாக வெளிப்படுகிறது.

மறுபுறம், திட்டம் எவ்வளவு சிறியது என்பதை டேவிட் ஆட்டோர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் ஆகிய மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீன இறக்குமதியால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டாரங்களில் அரசு உதவிகள் எவ்வாறு மாறின என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒரு தொழிலாளருக்கு 1,000 டாலர் என்ற அளவில் இறக்குமதி அதிகரித்தபோது, அந்த வட்டாரத்தில் தலைக்கு டி.ஏ.ஏ. உதவி 23 சென்ட் உயர்ந்தது. உடல் இயலாமைக் காப்பீடு 8 டாலருக்கு மேல் உயர்ந்தது. வர்த்தகத்தால் வேலை இழந்தவர்களைத் தாங்கியது அவர்களுக்கென வகுக்கப்பட்ட திட்டம் அல்ல; முதுகு வலியையும் மூட்டுத் தேய்மானத்தையும் காட்டி ஓய்வு பெறும் வழிதான் என்பதே இதன் பொருள். அந்த வழியில் சென்றவர்கள் பெரும்பாலும் வேலைச் சந்தைக்குத் திரும்புவதில்லை.

2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர், பயிற்சிக்குப் போகாமல் குறைந்த ஊதியத்தில் உடனே ஒரு வேலையில் சேர்ந்தால், பழைய ஊதியத்துக்கும் புதிய ஊதியத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை ஈராண்டுகளுக்கு அரசு தரும். உச்சவரம்பு 10,000 டாலர். ஆண்டுக்கு 30,000 டாலர் பெற்றவர் 22,000 டாலருக்குச் சேர்ந்தால் ஆண்டுக்கு 4,000 டாலர் ஈடு கிடைக்கும். ஊதியக் காப்பீடு எனப்படும் இந்த ஏற்பாடு, மக்களை விரைவாக வேலைக்குத் திரும்பச் செய்ததுடன், அதனால் மிச்சமான வேலையிழப்பு உதவியாலும் கிடைத்த வரியாலும் தன் செலவைத் தானே ஈடுகட்டியிருக்கக்கூடும் என்று ஹைமன் உள்ளிட்டோர் பின்னர் செய்த ஆய்வு கூறுகிறது. ஐம்பத்தைந்து வயது நெசவாளரைக் கணினிப் பயிற்சிக்கு அனுப்புவதைவிட இது அறிவார்ந்த ஏற்பாடு என்று கருத இடமுண்டு.

நண்பர்களே தோற்கடித்த நாள்

2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் விசித்திரமான வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. பசிபிக் பிராந்திய வர்த்தக உடன்பாட்டை விரைவு வழியில் நிறைவேற்றும் அதிகாரத்தை ஒபாமா கோரியிருந்தார். வழக்கம்போல் நிவாரணத் திட்டமும் அதனுடன் பிணைக்கப்பட்டிருந்தது. இரண்டில் ஒன்று தோற்றாலும் இரண்டும் தோற்கும் என்பது சபையின் ஏற்பாடு. உடன்பாட்டை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர், தாங்கள் பல பத்தாண்டுகளாகக் காத்துவந்த நிவாரணத் திட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தனர். 302க்கு 126 என்ற கணக்கில் அது தோற்றது. அதனைத் தோற்கடிக்கும்படி தொழிற்சங்கங்களே கேட்டுக்கொண்டன.

இரண்டு வாரங்களில் வேறொரு சட்டத்துடன் இணைக்கப்பட்டு அது மீண்டும் நிறைவேறியது. ஆனால் அந்த வாக்கெடுப்பு ஓர் உண்மையை வெளிச்சமிட்டது. திட்டத்தின் எதிரிகள் மட்டுமல்ல, நண்பர்களும் அதனை ஒரு பேரப்பொருளாகவே கையாண்டனர்.

பேரம் இருந்தவரை அதற்கு உயிர் இருந்தது. 2017 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் பசிபிக் உடன்பாட்டிலிருந்து விலகினார். அடுத்து வந்த ஜோ பைடன் புதிய தடையற்ற வர்த்தக உடன்பாடுகளை நாடவில்லை. விரைவு வழி அதிகாரம் 2021 ஜூலையில் காலாவதியானது. அதனைப் புதுப்பிக்காமல் நிவாரணத்தை மட்டும் புதுப்பிக்கக் குடியரசுக் கட்சியினர் மறுத்தனர். 2022இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய தொழில்நுட்பப் போட்டித்திறன் மசோதாவில் அது இடம்பெற்றிருந்தது. இறுதியில் குறைக்கடத்திச் சில்லுத் தொழிலுக்குப் பெரும் மானியம் தந்த சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டிருந்தது. விற்கப்பட வேண்டிய உடன்பாடு எதுவும் இல்லாதபோது, விலை கொடுக்க யாரும் முன்வரவில்லை.

2025 ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாடுகளின் பொருட்களுக்கும் டிரம்ப் புதிய தீர்வைகளை அறிவித்தபோது, திட்டம் முடங்கி மூன்றாண்டுகளை நெருங்கியிருந்தது. அது உயிருடன் இருந்திருந்தாலும், தீர்வையால் மூலப்பொருள் விலை உயர்ந்து ஆட்குறைப்புச் செய்த ஆலைகளின் தொழிலாளர்களுக்குத் தகுதி கிடைப்பது கடினம். இறக்குமதி பெருகியதா என்று கேட்கும் சட்டம், இறக்குமதி தடைப்பட்டதால் வரும் இழப்பை எண்ணிப் பார்த்ததில்லை.

விவசாயிகளின் நிலை வேறு. 2018இல் சீனா பதிலடியாக அமெரிக்க சோயாவுக்குத் தீர்வை விதித்தபோது, அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பாதிக்கப்பட்ட விளைபொருட்களுக்காகச் சுமார் 2,300 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. மூவர் கையெழுத்து, நாற்பது நாள் விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. 2025 டிசம்பரிலும் 1,200 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கான திட்டம் தனது கடைசிப் பத்தாண்டில் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் குறைவாகவே செலவிட்டது. தேர்தல் வரைபடத்தில் விவசாய மாநிலங்களின் எடை இதற்கு ஒரு காரணம். ஆலைத் தொழிலாளர்களுக்கு இருந்த சங்கங்கள் மெலிந்துவிட்டது இன்னொரு காரணம்.

லிமரிக், சாலோ, திருப்பெரும்புதூர்

ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் உலகமயமாக்கல் சீரமைப்பு நிதியம் ஒன்றை நடத்திவருகிறது. இங்கு தொழிலாளர்கள் மனுச் செய்வதில்லை. உறுப்பு நாட்டின் அரசே விண்ணப்பிக்கும். தொடக்கத்தில் குறைந்தது 1,000 பேர் வேலை இழந்திருக்கவேண்டும் என்றிருந்த வரம்பு 2009இல் 500 ஆகவும், 2021இல் 200 ஆகவும் குறைக்கப்பட்டது. வர்த்தகமே காரணம் என்று காட்டவேண்டிய கட்டாயமும் 2021இல் நீக்கப்பட்டது. அமெரிக்கா அறுபது ஆண்டுகள் விடாது கேட்ட கேள்வியை ஐரோப்பா கைவிட்டது எனலாம்.

இதிலும் முரண்கள் இல்லாமல் இல்லை. டெல் நிறுவனம் அயர்லாந்தின் லிமரிக் நகரிலிருந்து கணினி உற்பத்தியைப் போலந்தின் வூட்ஜ் நகருக்கு மாற்றியபோது 1,900 வேலைகள் போயின. அயர்லாந்துத் தொழிலாளர்களுக்காக 1.48 கோடி யூரோவை நிதியத்திலிருந்து வழங்க 2009 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. அதே மாதத்தில், புதிய ஆலைக்குப் போலந்து அரசு 5.45 கோடி யூரோ மானியம் அளிப்பதற்கும் அதே ஆணையம் ஒப்புதல் தந்தது.

பின்லாந்தின் சாலோ நகரில் நோக்கியா கைபேசி உற்பத்தி 2012இல் நிறுத்தப்பட்டபோதும் இந்த நிதியம் அங்கிருந்த தொழிலாளர்களின் மறுபயிற்சிக்கு உதவியது. அதே நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் முதலாம் தேதி மூடப்பட்டது. வரித் தகராறு காரணமாக அந்த ஆலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கைமாற முடியாமல் போனது. பின்னர் அந்நிறுவனம் கொள்முதலையும் நிறுத்தியது. அங்கு வேலை செய்தவர்களில் பலர் இருபது வயதைச் சற்றே கடந்த கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது நிறுவனம் அளித்த விருப்ப ஓய்வுத் தொகை. சாலோவில் இருந்ததைப் போன்ற நிதியம் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு இல்லாதது 2025 ஆகஸ்டில் மீண்டும் உணரப்பட்டது. அம்மாதம் 27ஆம் தேதி இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்கத் தீர்வை 50 சதவீதமாக உயர்ந்தது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏற்றுமதியாளர்கள் வட்டிச் சலுகையும் கடன் உத்தரவாதமும் கோரினர். அரசின் நடவடிக்கைகளும் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே அமைந்தன.

தொழிலாளரைப் பொறுத்தவரை, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவரை நீக்கினால் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ளது. 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மறுபயிற்சி நிதியம் ஒன்றையும் சேர்த்திருக்கிறது. ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம் ஒவ்வொரு தொழிலாளருக்கும் 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை அதில் செலுத்தவேண்டும்; அது 45 நாட்களுக்குள் அவரது வங்கிக் கணக்கில் சேரவேண்டும். டி.ஏ.ஏ. திட்டத்தில் 104 வாரங்கள் இருந்த இடத்தில் இங்கு இருப்பது 15 நாட்கள். அந்த 15 நாட்களைப் பெறுவதற்கும் நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். திருப்பூரில் ஒப்பந்தக்காரர் மூலமும் பீஸ் ரேட் கணக்கிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆர்டர் நின்றால் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஆட்குறைப்பே அல்ல.